உப்பும் வாளாட்டமும்: கொங்கோ அரசில் கப்புச்சின் துறவியரின் பயணங்களும் திருவிழாக்களும் (1645–1709)

முன்னுரை

ஆப்பிரிக்கக் கிறித்தவம் என்றவுடன் 19ஆம் நூற்றாண்டுக் காலனிய ஆட்சியும் அதன் நிழலில் எழுந்த மறைப்பணித் தளங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. இன்றைய அங்கோலாவின் வடபகுதியையும் அதனை அடுத்துள்ள நிலப்பரப்பையும் ஆண்ட பழைய கொங்கோ அரசின் வரலாறு அந்தச் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. எந்த ஐரோப்பியப் படையும் அந்நாட்டை வென்று மதம் மாற்றவில்லை. 1491இல் மன்னன் ன்சிங்கா அ ன்குவு தானே விரும்பித் திருமுழுக்குப் பெற்று முதலாம் ஜுவாவ் என்னும் பெயரை ஏற்றான். அவன் மகன் அஃபோன்சோ (ஆட்சிக்காலம் 1509–1542) பள்ளிகளை நிறுவினான், கோயில்களைக் கட்டினான், தன் மகன் என்ரிக்கேயை ஐரோப்பாவுக்கு அனுப்பிக் குருவாக்கினான். என்ரிக்கே 1518இல் ஆயராக உயர்த்தப்பட்டார். தூய சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல் என்பதை ஒப்புநோக்கினால் இதன் தொன்மை விளங்கும்.

1645ஆம் ஆண்டு மே மாதம் கொங்கோ ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள ம்பின்டா துறையில் முதல் கப்புச்சின் துறவியர் இறங்கியபோது, அவர்கள் கால் வைத்தது ஒன்றரை நூற்றாண்டுக் காலமாகத் தன்னைக் கத்தோலிக்க நாடு என்று அழைத்துக்கொண்ட மண்ணில். ஆயினும் அவர்கள் எழுதிய பயண நூல்களிலும் குறிப்பேடுகளிலும் வியப்பைவிட முறைப்பாடே மிகுதி. மக்கள் தண்ணீரைவிட உப்பையே விரும்புகின்றனர், புனிதரின் திருநாளில் போர்நடனம் ஆடுகின்றனர், சிலுவையை அணிந்துகொண்டே ன்கிசி பொருள்களையும் வைத்திருக்கின்றனர் என்று அவர்கள் மீண்டும் மீண்டும் எழுதினர். இந்த முறைப்பாடுகளை, அரைகுறையாக மதம் மாறிய மக்களின் குறைபாட்டுப் பட்டியலாகப் படித்த ஆய்வாளர் பலர். ஜான் தார்ன்டன் 1984இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் அந்த வாசிப்பு வலுவிழந்தது. அவர் காட்டிய வழியில் மேலும் ஓரடி சென்று, அப்பயணங்களையும் விழாக்களையும் நடத்தியவர் யார், அவற்றுக்கு உரிமையாளர் யார் என்னும் கேள்வியை இக்கட்டுரை துறவியரின் குறிப்புகளிடமே கேட்கிறது.

அழைத்தவர் மன்னர்

கப்புச்சின் துறவியர் கொங்கோவுக்கு வந்தது தற்செயல் அன்று. போர்த்துக்கல் மன்னரின் ஞான ஆதரவு உரிமையின்கீழ் ஆயரையும் குருக்களையும் நியமிக்கும் அதிகாரம் லிஸ்பனிடம் இருந்தது. 1596இல் சான் சல்வதோர் மறைமாவட்டம் அமைந்தபோதும் ஆயர்கள் காலப்போக்கில் போர்த்துக்கீசியரின் லுவாண்டாவிலேயே தங்கலாயினர். லுவாண்டாவோ கொங்கோவின் எல்லையை அரித்துக்கொண்டிருந்த குடியேற்றம். எனவே கொங்கோ மன்னர்கள் போர்த்துக்கலைத் தாண்டி நேரே உரோமையோடு உறவாட முயன்றனர். மன்னரின் தூதராகச் சென்ற அந்தோனியோ மனுவேல் 1608 ஜனவரியில் உரோமையில் இறந்தார். அவருடைய கருநிறக் கல் மார்பளவுச் சிலை இன்றும் புனித மரியா பெருங்கோயிலில் உள்ளது. 1622இல் உரோமை நிறுவிய விசுவாசப் பரப்புச் சபை, 1640இல் கொங்கோவைக் கப்புச்சின் சபையினரிடம் ஒப்படைத்தது. இத்தாலியரும் ஸ்பானியருமான அத்துறவியர் போர்த்துக்கீசியர் அல்லர் என்பதே மன்னருக்கு அவர்களிடம் இருந்த முதல் ஈர்ப்பு.

இந்த அரசியல் பின்னாளிலும் மாறவில்லை. 1665 அக்டோபர் 29இல் ம்புவிலாப் போரில் மன்னன் முதலாம் அந்தோனியோவைப் போர்த்துக்கீசியர் கொன்றனர். 1670இல் அதே போர்த்துக்கீசியப் படையைக் கிட்டோம்போவில் சோயோ சிற்றரசு முறியடித்தது. வென்ற சோயோ கத்தோலிக்கத்தைக் கைவிடவில்லை. இடையே பிணக்குகள் எழுந்து தணிந்தாலும் கப்புச்சின் துறவியரோடு கொண்ட உறவு தொடர்ந்தது; 1683 முதல் 1688 வரை அங்குப் பணியாற்றிய மெரோல்லா தா சொரென்தோ எழுதிய நூல் 1692இல் நேப்பிள்ஸ் நகரில் அச்சாயிற்று. பகைவனின் சமயத்தையே தன் சமயமாகக் கொண்டு பகைவனை வென்றதில் சோயோ மக்கள் எந்த முரணையும் காணவில்லை. அது பகைவனின் சமயம் என்று அவர்கள் கருதியிருந்தால்தானே முரண் எழும்!

சுமக்கப்பட்ட துறவி

துறவியரின் பயணம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை 1668இல் பம்பா மாநிலத்துக்குச் சென்ற தியோனிஜி கார்லி, மிக்கேலாஞ்செலோ குவாத்தினி ஆகிய இருவரின் நூல் நன்கு காட்டுகிறது. நீண்ட கழியில் கட்டிய வலைத்தூளியில் துறவியை அமர்த்தித் தோளில் சுமந்து செல்வர். பலிபீடப் பொருள்கள், திருவுடைகள், உணவு ஆகியவற்றைச் சுமப்போர் தனியே வருவர். ஒரு சிற்றூரின் சுமைதூக்கிகள் அடுத்த ஊர் வரையிலுமே வருவர். அங்கே பொதிகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவர். அதற்கு மேல் செல்ல அவ்வூர்த் தலைவன் ஆள் கொடுத்தாக வேண்டும். தலைவன் மனம் வைக்காவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும். லூக்கா தா கல்தானிசெத்தாவின் குறிப்பேடு (17ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகள்) முதலான பிற பதிவுகளிலும் சுமைதூக்கிகளுக்காகக் காத்திருக்கும் துறவியைக் காணமுடிகிறது.

இந்தச் சிறு நடைமுறைச் செய்தியின் பொருள் பெரிது. துறவியின் வழித்தடத்தை வரைந்தது அவருடைய சபைத் தலைமை அன்று. ஊர்த்தலைவர்களின் விருப்பு வெறுப்புகளே. நாடு முழுவதற்கும் இரண்டு மூன்று குருக்களே இருந்த ஆண்டுகளும் உண்டு. பல ஊர்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே குருவைக் கண்டன. நோயும் கொடியது. குவாத்தினி பம்பாவிலேயே இறந்தார். படுத்த படுக்கையான கார்லியை ஓர் இரவு எறும்புப் படை சூழ, உடனிருந்தோர் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, வைக்கோலைக் கொளுத்தி எறும்புகளை விரட்டினர். மறைப்பணி வரலாற்றின் வீரக்கதைகளில் இத்தகைய இரவுகளுக்கு இடம் குறைவு. ஆனால் துறவி எத்துணை முழுமையாகப் பிறர் தோளை நம்பி வாழ்ந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துறவி இல்லாத ஆண்டுகளில் சமயத்தைக் காத்தவர்கள் ‘மெஸ்த்ரே’ எனப்பட்ட உள்ளூர் உபதேசியார்கள். பெரும்பாலும் உயர்குடியில் பிறந்து, எழுதப் படிக்கக் கற்று, போர்த்துக்கீசியமும் அறிந்த இவர்கள் மறைக்கல்வி கற்பித்தனர், செபங்களை நடத்தினர், ஒப்புரவு அருளடையாளத்திலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தனர். பாவத்தை அறிக்கையிடுபவருக்கும் குருவுக்கும் இடையில் மூன்றாம் ஒருவர் நின்ற அந்நிலை உரோமைச் சட்டத்துக்கு நெருடலானதே; வேறு வழி இல்லாததால் ஏற்கப்பட்டது. ஊரார் துறவியிடம் எதிர்பார்த்தது போதனையை அன்று. அது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய சடங்குகளுக்காகவே அவர்கள் காத்திருந்தனர்.

உப்பு உண்ணல்

அச்சடங்குகளுள் முதன்மையானது திருமுழுக்கு. அக்காலத்து உரோமைச் சடங்குமுறையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் நாவில் சிறிது உப்பு வைக்கப்படும். ஐரோப்பியருக்கு அது துணைச் சடங்கு. கொங்கோ மக்களுக்கோ அதுவே மையம். திருமுழுக்குக்குக் கிகொங்கோ மொழியில் வழங்கிய ‘குதியா முங்குவா’ என்னும் தொடரின் பொருள் ‘உப்பு உண்ணல்’ என்பதே. தீய ஆற்றலும் சூனியமும் உப்பை அஞ்சும் என்னும் நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. உப்பு வைத்தவுடன் சடங்கு முடிந்ததாகக் கருதிப் பலர் எழுந்து செல்ல முற்பட்டனர் என்று துறவியர் எழுதினர். துறவியர்க்கு இது அறியாமையாகத் தோன்றியது. ஆனால் உரோமைச் சடங்கிலும் அந்த உப்பு தீய ஆவியை ஓட்டும் மன்றாட்டோடுதான் மந்திரிக்கப்பட்டது. கொங்கோ மக்கள் சடங்கைத் தவறாகப் புரிந்துகொண்டனர் என்பதைவிட, அதன் ஓர் உறுப்பைத் தம் தேவைக்கேற்ப முதன்மைப்படுத்தினர் என்பதே பொருத்தம்.

ஊருக்குள் துறவி நுழைந்ததும் தாய்மார்கள் குழந்தைகளோடு திரள்வதையும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர்க்குத் திருமுழுக்கு அளிப்பதையும் இப்பதிவுகள் வழக்கமான காட்சியாக விவரிக்கின்றன. கோழியோ ன்சிம்புச் சிப்பிக்காசோ காணிக்கையாகத் தரப்படும். இத்திருமுழுக்குக் கணக்குகளைத் துறவியரின் மிகைக்கூற்று என்று ஒதுக்காமல் 1977இல் தார்ன்டன் மக்கள்தொகை ஆய்வுக்குப் பயன்படுத்தினார். அதுவரை 20 லட்சத்துக்கும் மேல் என மதிப்பிடப்பட்ட 17ஆம் நூற்றாண்டுக் கொங்கோவின் மக்கள்தொகை சுமார் 5 லட்சம் மட்டுமே என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிறந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றனர் என்று கொண்டால்தான் இக்கணக்கீடு நிற்கும் என்பது கவனத்துக்குரியது.

திருமணத்தில் நிலை வேறு. பிரிக்கமுடியாத ஒருமனைத் திருமணத்தை ஏற்க மக்கள் தயங்கினர். துறவியர் எவ்வளவு வற்புறுத்தியும் கோயில் திருமணங்கள் குறைவாகவே நிகழ்ந்தன. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை அம்மக்களே முடிவு செய்தனர்.

சந்தியாகப்பர் திருநாள்

கொங்கோவின் விழாக்களுள் தலையாயது ஜூலை 25இல் வரும் புனித சந்தியாகப்பர் திருநாள். தமிழகக் கடற்கரையிலும் இதே நாளில் இதே புனிதருக்கு விழா எடுக்கப்படுகிறது. ‘சந்தியாகப்பர்’ என்னும் தமிழ்ப் பெயரே போர்த்துக்கீசிய வழியில் வந்ததுதான். ஆனால் கொங்கோவில் இத்திருநாளின் பொருள் முழுதும் உள்நாட்டு வரலாற்றைச் சார்ந்தது. அரியணைக்காகத் தன் உடன்பிறந்தானோடு போரிட்ட அஃபோன்சோ சிறுபடையுடன் நின்றபோது வானில் சந்தியாகப்பர் தோன்றினார் என்றும், பகைவர் அஞ்சி ஓடினர் என்றும் அஃபோன்சோவே தன் மடல்களில் எழுதினான். வாளேந்திய ஐந்து கைகளைக் கொண்ட அரச இலச்சினை அந்நிகழ்வையே குறிக்கிறது. எனவே ஜூலை 25 திருத்தூதரின் நாள் என்பதைவிட அஃபோன்சோவின் நாள். கிறித்தவக் கொங்கோ பிறந்த நாள். சிற்றரசர்கள் திறை கொணர்ந்து அரசனுக்குத் தம் பணிவை உறுதிசெய்ததும் அந்நாளில்தான்.

அவ்விழாவின் உச்சம் ‘சங்கமென்தோ’ எனப் போர்த்துக்கீசியர் அழைத்த வாளாட்டம். பாய்ந்தும் பதுங்கியும் தாக்குதலை நடித்துக் காட்டும் போர்ப்பயிற்சியே விழாநடனமாக ஆயிற்று. படைத்திரட்டலின்போதும் அரசனின் முடிசூட்டிலும் இது ஆடப்பட்டது. சோயோவில் இவ்வாட்டம் இரு பகுதிகளாக நிகழ்ந்ததைக் கலை வரலாற்றாசிரியர் செசில் ஃபுரோமோன் எடுத்துக்காட்டுகிறார். முதற்பகுதியில் வில்லும் இறகு முடியும் பூண்டு பழைய முறையில் ஆடுவர். அடுத்த பகுதியில் ஐரோப்பிய வாளும் சிலுவைகளும் பூண்டு ஆடுவர். முதலாவது, கொங்கோ அரசை நிறுவிய தொல்முன்னோனின் கதை; இரண்டாவது, அஃபோன்சோவின் கதை. ஒரே உடல் இரண்டு தோற்றங்களையும் ஏற்று, நாட்டின் இரு பிறப்புகளையும் ஒரே நாளில் நிகழ்த்திக் காட்டியது என்னும் அவருடைய விளக்கம் ஏற்கத்தக்கது.

இதில் துறவியின் இடம் என்ன? 1750ஐ ஒட்டி பெர்னார்தீனோ தஸ்தி, புதிதாக வரும் துறவியர்க்கு வழிகாட்டியாக எழுதிய கையெழுத்துச் சுவடியின் வண்ண ஓவியம் ஒன்று இதற்கு விடை தருகிறது. கோயிலின் முன் துறவி நிற்கிறார். தலைவன் அவர்முன் மண்டியிட்டு ஆசி பெறுகிறான். வீரர்கள் சங்கமென்தோவுக்கு ஆயத்தமாக உள்ளனர். முதற்பார்வைக்குத் துறவியே காட்சியின் தலைவர். ஆனால் விழாவின் நாளைக் குறித்தவர், படையைத் திரட்டியவர், ஆட்டத்தின் பொருளை அறிந்தவர் எவரும் அவர் அல்லர். அவருடைய ஆசி வேண்டப்பட்டது; அதனால் அவர் அங்கே நின்றார்.

கல்லறைத் திருநாளும் இத்தகையதே. மூதாதையரை மதித்தலை அடிப்படையாகக் கொண்ட சமூகத்தில் நவம்பர் முதல் நாள்களின் வழிபாடு, இரவு முழுதும் மெழுகுதிரியோடு கல்லறைகளில் விழித்திருத்தலாக விரிந்தது. துறவியர் இதனைப் பெரிதும் எதிர்க்கவில்லை. கல்லறையில் நின்று இறந்தோருக்காக மன்றாடுவதும் இறந்தோரிடம் மன்றாடுவதும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்திருக்கும்.

எரிந்த ன்கிசியும் எழுதப்பட்ட அகராதியும்

உரசல் வெளிப்பட்ட இடம் மொழி. கொங்கோவின் சமய மொழிபெயர்ப்பு, கடவுளை ‘ன்சாம்பி அ ம்புங்கு’ என்றும், குருவை ‘ன்கங்கா’ என்றும், கோயிலை ‘ன்சோ அ ன்கிசி’ என்றும் குறித்தது. ன்கங்கா என்பது மரபுவழிச் சடங்காளனுக்கும் பெயர்; ன்கிசி என்பது அவன் ஆற்றல் ஏற்றிய பொருளுக்கும் பெயர். 1624இல் லிஸ்பனில் மத்தேயுஸ் கார்தோசோ வெளியிட்ட கிகொங்கோ மறைக்கல்வி நூலும் உள்நாட்டுச் சொற்களைத் தயங்காமல் கையாண்டது. அதே லிஸ்பனில் 1554இல் தமிழ் மறைக்கல்வி நூல் உரோமன் எழுத்தில் அச்சானதும், 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கடவுளுக்குத் ‘தம்பிரான்’ என்னும் சொல்லை ஏற்றதும் தமிழாய்வாளர் அறிந்தவை. சொல்லை வாங்கும்போது அதன் பழைய பொருளும் உடன் வரும் என்னும் சிக்கல் இரு மொழிகளுக்கும் பொதுவே.

கப்புச்சின் துறவி தன்னையும் ன்கங்கா என்றே மக்கள் அழைக்கக் கேட்டார். பிற ன்கங்காக்களின் ன்கிசிகளைத் தேடி எரிக்கவும் செய்தார். மக்கள் பார்வையில் இது ஒரு ன்கங்கா மற்றொருவரின் ஆற்றலை அழிக்கும் போட்டியாகத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. சில இடங்களில் அது பொறுத்துக்கொள்ளப்பட்டது. சில இடங்களில் இல்லை. ஃபிளெமிய நாட்டவரான ஜார்ஜ் தெ கேல் 1652இல் ஓர் ஊர்ச் சடங்கில் புகுந்து ன்கிசிகளை எரித்தபோது ஊரார் அவரை அடித்தனர். அக்காயங்களால் அவர் இறந்தார். அவர் கையால் படியெடுத்த இலத்தீன்–ஸ்பானியம்–கிகொங்கோ அகராதி இன்றும் உரோமையில் உள்ளது. அதன் மூல உழைப்பு பெரிதும் மனுவேல் ரொபொரேதோ என்னும் கொங்கோவில் பிறந்த குருவுடையது. போர்த்துக்கீசியத் தந்தைக்கும் கொங்கோ உயர்குடித் தாய்க்கும் பிறந்த ரொபொரேதோ பின்னர்க் கப்புச்சின் சபையில் சேர்ந்து, 1665இல் மன்னனோடு ம்புவிலாக் களத்தில் மாண்டார். மறைசாட்சியாகத் தெ கேல் நினைக்கப்படுகிறார். அகராதியும் நெடுங்காலம் அவர் பெயராலேயே அறியப்பட்டது. ரொபொரேதோவுக்கு உரிய இடத்தை வழங்க மறைப்பணி வரலாறு தாமதித்தது என்றே கூறவேண்டும்.

அடிமை வணிகமும் அந்தோணியார் இயக்கமும்

இவ்விழாக்களின் பின்னணியில் அடிமைக் கப்பல்கள் நின்றன. ம்புவிலாவுக்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போர்களில் சிறைப்பட்டோர் கடற்கரையில் விற்கப்பட்டனர். துறவியரின் நிலைப்பாடு தூய்மையானதன்று. அவர்களுடைய இல்லங்களிலேயே கோயில் அடிமைகள் பணிபுரிந்தனர். சோயோவில் அவர்கள் கடிந்தது பெரிதும் டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய ‘பிரிவினைச் சமயத்தாருக்கு’ அடிமைகளை விற்றதையே. எனினும் முறையற்று அடிமைப்படுத்துவதை எதிர்த்துக் கப்புச்சின் சபையினர் உரோமையில் முன்வைத்த கருத்துகளும், ஆப்பிரிக்க வழிவந்த லொரென்சோ தா சில்வா தெ மென்தொன்சாவின் விண்ணப்பமும் சேர்ந்து 1686இல் திருச்சபையின் கண்டனத்தைப் பெற்றன. அதனால் கப்பல்கள் நிற்கவில்லை.

1678இல் தலைநகர் சான் சல்வதோர் பாழடைந்தது. இந்நிலையில் 1704இல் கிம்பா வீட்டா என்னும் இளம்பெண் தன்னுள் புனித அந்தோணியார் இறங்கியுள்ளதாக அறிவித்தாள். இயேசு பிறந்தது சான் சல்வதோரில், திருமுழுக்குப் பெற்றது ன்சுண்டியில், கொங்கோ மக்களுக்கும் புனிதர்கள் உண்டு என்று ஊர் ஊராகச் சென்று போதித்தாள். போரை நிறுத்தி மக்கள் தலைநகருக்குத் திரும்பவேண்டும் என்பதே அவளுடைய முதல் கோரிக்கை. ஆயிரக்கணக்கானோர் அங்குக் குடியேறினர். துறவியரின் பயணங்களுக்கு நேர் எதிரான பயணம் இது. இங்கு யாரும் யாரையும் தூளியில் சுமக்கவில்லை. மன்னன் நான்காம் பேத்ரோவின் ஆணைப்படி 1706 ஜூலை 2இல் அவள் எரிக்கப்பட்டாள். அவளுடைய போதனையை நாம் அறிவது, அவளை விசாரித்த பெர்னார்தோ தா கால்லோ எழுதிய அறிக்கையின் வழியாகவே. 1709இல் பேத்ரோ தலைநகரைக் கைப்பற்றினான். சிறைப்பட்ட அந்தோணியார் இயக்கத்தவர் பலர் கப்பலேறினர்.

கடல் கடந்த விழா

கப்பலில் சென்றது உழைப்பு மட்டும் அன்று. 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, வட அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, ஸ்பானியரின் கத்தோலிக்க ஃபுளோரிடாவை நோக்கி அணிவகுத்தனர். அங்கோலாவிலிருந்து வந்தோர் போர்த்துக்கீசியம் பேசுவதையும் கத்தோலிக்கராக இருப்பதையும் அக்காலக் குறிப்பொன்று சுட்டுகிறது. அவர்கள் கொங்கோ மக்களே என்று தார்ன்டன் 1991இல் நிறுவினார். மரியன்னை பிறந்தநாளான செப்டம்பர் 8ஐ ஒட்டியே எழுச்சி திட்டமிடப்பட்டது என மார்க் ஸ்மித் 2001இல் வாதிட்டார். ஆங்கிலேயக் குடியேற்றங்கள் அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றின. கத்தோலிக்க நாள்காட்டியோடு அதற்கு 11 நாள் வேறுபாடு உண்டு என்பதால் இவ்வாதத்தை எச்சரிக்கையோடு ஏற்கவேண்டும்.

மற்றொரு சான்று உறுதியானது. அணிவகுத்துச் சென்றோர் வழியில் ஒரு வயலில் நின்று, முரசறைந்து, பாடி ஆடினர். வெற்றியிலும் மதுவிலும் மயங்கி நேரத்தை வீணாக்கினர் என்று வெள்ளையர் தரப்புக் குறிப்பு எழுதியது. அது படையெழுச்சிக்கு முன் ஆடப்படும் கொங்கோப் போர்நடனம் என்கிறார் தார்ன்டன். ஆசி வழங்கத் துறவி எவரும் அங்கு இல்லை.